ஒரு சீட்டில் இரண்டு வட்டம்: வர்ஜீனியா 94-ஆவது தொகுதி, 2017

அந்த வாக்குச்சீட்டை முதலில் பார்த்துவிடலாம். ஆளுநர் பதவிக்கான பகுதியில், குடியரசுக் கட்சி வேட்பாளர் எட் கில்லெஸ்பியின் பெயருக்கு நேரே உள்ள வட்டம் மையால் நிரப்பப்பட்டிருக்கிறது. அதோடு நிற்கவில்லை, அந்த வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியும் இருக்கிறது. மாநில அளவிலான மற்றப் பதவிகளுக்கும் அந்த வாக்காளர் குடியரசுக் கட்சிக்கே போட்டிருக்கிறார். மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கான பகுதியில்தான் சிக்கல். குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி பெயருக்கு நேரே உள்ள வட்டமும் நிரம்பியிருக்கிறது, ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் பெயருக்கு நேரே உள்ள வட்டமும் நிரம்பியிருக்கிறது. சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் மட்டும் குறுக்காக ஒரு கோடு.

இது யாருக்கு விழுந்த ஓட்டு? செல்லாத ஓட்டா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் 2018-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அவை யார் கையில் இருக்கும் என்பது தொங்கியது. 100 பேர் கொண்ட அவை அது. இந்தச் சீட்டு செல்லாது என்றால் 50-க்கு 50. சபாநாயகர் யார், குழுக்களுக்குத் தலைவர் யார் என்று இரண்டு கட்சிகளும் உட்கார்ந்து பங்கு பிரித்தாக வேண்டும். யான்சிக்கு என்றால் ஓட்டு சரிசமம், அதன் பிறகு குலுக்கல்.

பெரும்பாலானவர்கள் இந்தத் தேர்தலை ‘கிண்ணத்தில் கைவிட்டுப் பெயர் எடுத்த தேர்தல்’ என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பார்வை வேறு. அந்தத் தொகுதியின் முடிவை எழுதியவை மூன்று: ஒரு பழமைவாதக் கட்சி வேட்பாளர் அலைக்கு எதிராகத் தம் பெயரை நிறுத்திய விதம், எண்ணும் மேசையில் நடந்தது, எவர் கண்ணிலும் படாத ஒரு எல்லைக் கோடு. கிண்ணம் இவற்றுக்குப் பிறகு வந்தது.

தொகுதியும் ஆளும்

94-ஆவது தொகுதி அப்போது நியூபோர்ட் நியூஸ் நகரின் ஒரு பகுதி. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டும் தளம் இருக்கும் நகரம் அது. கப்பல் கட்டுவோர், ராணுவத்தில் இருப்போர், ஓய்வு பெற்றோர், பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்வோர் என்று கலவையான ஊர். கறுப்பின மக்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

யான்சி 2011-இல் முதலில் வென்று வந்தவர். நம் பேச்சு வழக்கில் சொன்னால் சிட்டிங் எம்.எல்.ஏ. பிரதிநிதிகள் அவையின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர். அதில் குடும்பம் நடத்த முடியாது, சொந்தத் தொழிலோ வேலையோ இருந்தாக வேண்டும். கூட்டத்தொடரும் ஓர் ஆண்டு 60 நாள், மறு ஆண்டு 45 நாள் அளவில் முடிந்துவிடும். ஆகவே இந்தப் பதவிக்கு நிற்பவர் மேடைப் புகழை நம்ப முடியாது. வீட்டுக் கதவைத் தட்டுவது, பள்ளிக்கூட நிகழ்ச்சி, சர்ச், சிறு வணிகர் கூட்டம் என்று முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட தொகுதியில் பதவியில் இருப்பவருக்கு உள்ள ஒரே நல்ல ஆயுதம் பெயர்ப் பழக்கம்தான்.

வர்ஜீனியாவின் இன்னொரு தனித்தன்மையையும் சொல்ல வேண்டும். அங்கே மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். அதிபர் தேர்தலோடு சேராது. 2015-இல் ஆளுநர் போட்டியும் இல்லாததால் மாநிலம் முழுக்க 29 சதவீதம் அளவுக்குத்தான் வாக்குப்பதிவு. அந்த ஆண்டும் யான்சியை எதிர்த்து நின்றவர் சைமண்ட்ஸ்தான். நகரப் பள்ளி வாரிய உறுப்பினர், ஆசிரியராகவும் இருந்தவர். அப்போது யான்சி நன்றாகவே ஜெயித்தார். வாக்காளர் வீட்டிலேயே இருக்கும் ஆண்டுகள் சிட்டிங் உறுப்பினருக்குச் சாதகம். அதே எதிராளி, அதே தொகுதி, இரண்டு ஆண்டு இடைவெளி. இப்படி ஒரே ஜோடியைத் திரும்பப் பார்க்கக் கிடைப்பது ஆய்வுக்கு அரிய வாய்ப்பு. மாறியது ஆட்கள் அல்ல, காற்று.

அலை வந்த ஆண்டு

2016 அதிபர் தேர்தலில் இந்தத் தொகுதி ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்றது. குடியரசுக் கட்சி கையில் இருந்தும் கிளின்டன் முன்னிலை பெற்ற மாநில அவைத் தொகுதிகள் வர்ஜீனியாவில் 17. அவற்றில் 94-உம் ஒன்று. அதாவது 2017 தொடங்கும்போதே யான்சி நின்றுகொண்டிருந்த தரை அவருடையதாக இல்லை.

அதிபராக டிரம்ப்பின் முதல் ஆண்டு அது. ஆகஸ்ட் 12 அன்று சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் நடத்திய பேரணி உயிர்ப்பலியில் முடிந்தது. அந்த ஆண்டு வர்ஜீனியாவில் எந்தத் தேர்தல் பேச்சும் அதைத் தொடாமல் போகவில்லை. ஆளுநர் வேட்பாளர் கில்லெஸ்பி நிதானமான பழமைவாதியாக அறியப்பட்டவர். ஆனால் கடைசிக் கட்டத்தில் எம்.எஸ்.-13 என்ற குற்றக் கும்பலைக் காட்டும் விளம்பரங்களும், உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களுக்காகப் போரிட்டவர்களின் சிலைகளைக் காப்போம் என்ற வாக்குறுதியும் அவர் பிரசாரத்தின் முகமாகிவிட்டன. கட்சியின் தீவிர ஆதரவாளர்களை அது உசுப்பியிருக்கலாம். நியூபோர்ட் நியூஸ் போன்ற கலவையான நகரத்தில் நிற்கும் ஒரு யான்சிக்கு அது உதவும் சரக்கு அல்ல.

இங்கேதான் உள்ளூர் பழமைவாத வேட்பாளரின் உண்மையான இக்கட்டு. கட்சி வேட்பாளரை விட்டு விலகிப் பேசினால் சொந்த வாக்காளர் கோபப்படுவார். ஒட்டிப் பேசினால் நடுவில் இருப்பவர் கைவிடுவார். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே சிட்டிங் உறுப்பினர்கள் காலங்காலமாகப் பிடித்துவரும் வழி ஒன்றுதான்: மாநிலச் சண்டையைப் பற்றி வாயே திறக்காமல் ஊர் விஷயத்தில் நிற்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மேலிருந்து வரும் விளம்பரம் அனைத்தும் வேறு பாட்டுப் பாடும்போது கீழே ஒருவர் தம் குரலைத் தனியாகக் கேட்க வைப்பது கடினமான வேலை. என்னைக் கேட்டால், கிளின்டனுக்குப் போட்ட தொகுதியில், ஆளுநர் தேர்தலில் சொந்தக் கட்சி கிட்டத்தட்ட 9 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற நாளில், எதிராளிக்குச் சமமாக ஓட்டு வாங்கியதே யான்சி பிரசாரத்தின் பெரிய சாதனை. மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

நவம்பர் 7, 2017. மாநிலம் முழுக்க 47 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்தம் ஆளுநராக வென்றார். பிரதிநிதிகள் அவையில் 66-க்கு 34 என்றிருந்த குடியரசுக் கட்சியின் பலம் ஒரே இரவில் சரிந்தது. பல ஆண்டுகளாக அசையாத உறுப்பினர்கள் வரிசையாகத் தோற்றார்கள். யான்சி மட்டும் பத்தே ஓட்டு முன்னிலையில் தொங்கிக்கொண்டிருந்தார். லிபர்டேரியன் என்ற சிறிய மூன்றாவது கட்சியின் வேட்பாளரும் களத்தில் இருந்தார், அறுநூறுக்கு மேல் வாங்கினார். பத்து ஓட்டில் முடிவாகும் இடத்தில் அறுநூறு என்பது எவ்வளவு என்று இரண்டு பக்கத்து ஆட்களும் அன்றிரவு கணக்குப் போட்டிருப்பார்கள்.

மேசையும் கடிதமும்

வர்ஜீனியாவில் மறு எண்ணிக்கை தானாக நடக்காது. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் கேட்கலாம். அரை சதவீதத்துக்குள் என்றால் செலவு அரசாங்கத்துடையது. மூன்று நீதிபதிகள் கொண்ட ஒரு தனி நீதிமன்றம் அதை மேற்பார்வையிடும். சீட்டுகளை மறுபடி இயந்திரத்தில் விடுவார்கள். இயந்திரம் ஏற்காததை, ஒன்றுக்கு மேல் வட்டம் நிரப்பியதைத் தனியே எடுத்து, இரண்டு கட்சியும் நியமித்த அலுவலர்கள் ஜோடியாக உட்கார்ந்து கண்ணால் பார்ப்பார்கள். எந்தக் குறியை எப்படி வாசிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டும் வழிகாட்டி நூலே மாநிலத் தேர்தல் வாரியத்திடம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2017 செப்டம்பரில், பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் தொடுதிரை வாக்கு இயந்திரங்களுக்கு அந்த வாரியம் மாநிலம் முழுக்கத் தடை போட்டது. தேர்தல் நெருக்கத்தில் எடுத்த முடிவு, பல ஊர்களுக்குத் தலைவலி. ஆனாலும் அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் காகிதத்தில் வாக்களித்தது. காகிதம் இருந்தால்தான் எடுத்துப் பார்க்கவும் வாதாடவும் முடியும்.

டிசம்பர் 19 அன்று மறு எண்ணிக்கை முடிந்தபோது கணக்கு தலைகீழானது. சைமண்ட்ஸ் 11,608. யான்சி 11,607. ஒரே ஓட்டில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. அவை 50-50 என்று செய்திகள் பறந்தன. குடியரசுக் கட்சியின் அவைத் தலைவர்களே சைமண்ட்ஸுக்கு வாழ்த்துச் சொல்லி அறிக்கை விட்டார்கள்.

ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்துபோன அந்த இரவில்தான் ஒருவர் எழுந்து போகவில்லை. எண்ணும் மேசையில் குடியரசுக் கட்சி சார்பில் உட்கார்ந்திருந்த அலுவலர்களில் ஒருவர். இரண்டு வட்டம் நிரம்பிய அந்தச் சீட்டை எதிர்க்கட்சி அலுவலரோடு சேர்ந்து ‘செல்லாது’ என்று ஒதுக்கியவர்களில் அவரும் உண்டு. அப்புறம் அவருக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சீட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடிதம் கொடுத்தார். மறுநாள் முடிவைச் சான்றளிக்க மட்டும் கூடிய மூன்று நீதிபதிகள் முன் அந்தக் கடிதம் வந்தது.

ஜனநாயகக் கட்சி வழக்கறிஞர்களின் வாதத்தில் பலம் இருந்தது. மேசையில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட சீட்டு இது. மறு எண்ணிக்கை முடிந்த பிறகு அதைத் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். கில்லெஸ்பியின் நிரம்பிய வட்டத்தின் மேலும் ஒரு குறி இருக்கிறதே, அதை ஏற்பு என்று கொண்டால் சைமண்ட்ஸ் மேல் உள்ள கோட்டை மட்டும் நீக்கம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டார்கள். மறுபக்க வாதம் எளிமையானது. மேலிருந்து கீழ்வரை ஒரே கட்சிக்குப் போட்டவர், தவறி நிரப்பிய ஒரு வட்டத்தை அடித்துவிட்டார், அவ்வளவுதான். நீதிபதிகள் இரண்டாவதை ஏற்றார்கள். 11,608-க்கு 11,608.

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு மனம். சீட்டை மட்டும் கையில் வைத்துப் பார்த்தால், அது யான்சிக்கு விழுந்த ஓட்டு என்றே நானும் வாசிப்பேன். ஆனால் மேசையில் முடிந்த ஒன்றை, ஒரு ஓட்டில் தோற்றது தெரிந்த பிறகு திறக்க அனுமதித்தது தவறு என்று நினைக்கிறேன். வித்தியாசம் நூறாக இருந்திருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது. விடை தெரிந்த பிறகு கேள்வித்தாளைத் திருத்துவது போல அது. இப்படிச் சொல்வதால் அந்த அலுவலரின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. பிரசாரம் நடத்துகிறவர்கள் அவரைப் பார்த்துக் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. கட்சித் தலைவர்கள் வாழ்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், கையில் பிடித்துப் பார்த்த ஒரு காகிதத்தை மறக்காமல் இருந்தவர் அவர்தான்.

கிண்ணம்

வர்ஜீனியாச் சட்டப்படி சமநிலை என்றால் குலுக்கல். 1971-இலும் அங்கே ஒரு பிரதிநிதிகள் அவைத் தொகுதி இப்படித்தான் முடிந்தது. டிசம்பர் 27-க்குக் குறித்த குலுக்கலை, சைமண்ட்ஸ் தரப்பு மறுபடி நீதிமன்றம் போனதால் தள்ளிவைத்தார்கள். ஜனவரி 3 அன்று அந்த மனு தள்ளுபடியானது. மறுநாள் காலை மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் கேமராக்கள் நிறைந்த அறையில் தேர்தல் வாரியம் கூடியது. இரண்டு காகிதத் துண்டு, இரண்டு பெயர். ஒவ்வொன்றையும் சுருட்டிப் பழைய ஃபிலிம் சுருள் டப்பாவில் போட்டு மூடி, நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து கொண்டுவந்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் கிண்ணத்தில் இட்டார்கள். வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் கிளறி ஒன்றை எடுத்துத் திறந்தார். டேவிட் யான்சி. இன்னொன்றையும் திறந்து அதில் சைமண்ட்ஸ் பெயர் இருப்பதைக் காட்டினார்கள். சைமண்ட்ஸ் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். யான்சி வரவில்லை.

தமிழில் இதை வாசிப்பவர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலையும் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே தகுதி பார்த்துப் பெயர் எழுதி, எடுத்த எடுப்பிலேயே குடத்தில் இட்டார்கள். ரிச்மண்டில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த பிறகு, மக்கள் சொன்னதில் பதில் கிடைக்காத நிலையில்தான் கிண்ணம் வந்தது. அந்தக் கூடத்தில் தோற்றவரின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஜனவரி 10, கூட்டத்தொடர் தொடங்கிய நாளில், சைமண்ட்ஸ் தோல்வியை ஏற்றுக்கொண்டார். 51-க்கு 49. குடியரசுக் கட்சியின் கிர்க் காக்ஸ் சபாநாயகரானார்.

அந்த ஓர் இடம் எதை வாங்கித் தந்தது? சபாநாயகர் நாற்காலியையும் குழுத் தலைமைகளையும் வாங்கித் தந்தது. ஆனால் கொள்கையில் பழைய பிடியை வாங்கித் தரவில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க மறுத்து 2014 முதல் நின்ற அதே அவை, 2018 மே 30 அன்று 67-க்கு 31 என்று அதை நிறைவேற்றியது. காக்ஸ் உட்படக் குடியரசுக் கட்சியினர் ஏறத்தாழ இருபது பேர் கை தூக்கினார்கள். சுமார் 4 லட்சம் பேர் பயன்பெறத் தகுதியானார்கள். தேர்தல் நாளில் இழந்த பதினைந்து இடங்கள், கிண்ணத்தில் காப்பாற்றிய ஓர் இடத்தைவிட உரக்கப் பேசின.

எல்லைக் கோடு

2018 மே மாதம் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 94-ஆவது தொகுதிக்குள் வசிக்கும் 26 வாக்காளர்கள் பட்டியலில் தவறாக 93-ஆவது தொகுதியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதனால் 2017-இல் யான்சி, சைமண்ட்ஸ் பெயர் இல்லாத சீட்டில் வாக்களித்திருந்தார்கள். அவர்கள் இருந்தது பெரும்பாலும் கறுப்பின மக்கள் வசிக்கும், ஜனநாயகக் கட்சிக்குப் பலமாக வாக்களிக்கும் வாக்குச்சாவடி. 93-இல் அந்தக் கட்சி வசதியாக ஜெயித்தது, அந்த 26 ஓட்டு அங்கே தேவையே இல்லை. இங்கே ஒன்று போதுமாக இருந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கடிதம், வாதம், தீர்ப்பு, டப்பா, கிண்ணம் என்று இரண்டு மாதம் ஒரு மாநிலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அத்தனை நாளும் விடை ஒரு தெருப் பட்டியலில் கிடந்திருக்கிறது. யாரும் சதி செய்ததாகத் தெரியவில்லை. ஒரு சாவடியின் நடுவே இரண்டு தொகுதிகளின் எல்லை ஓடும்போது, எந்த வீடு எந்தப் பக்கம் என்று பதிவு அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்கிறார். அங்கே தப்பு நடந்தால் மேலே எவருக்கும் தெரியாது. வாக்காளருக்கே தெரியாது, கொடுத்த சீட்டில் குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதே தேர்தலில் 28-ஆவது தொகுதியில் 147 பேருக்குத் தவறான சீட்டு போனது வெளியே வந்தது. அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளர் வென்றது 73 ஓட்டில். நீதிமன்றம் போயும் முடிவு மாறவில்லை.

இரண்டு பிரசாரங்களும் சறுக்கியது இங்கேதான் என்பது என் கணிப்பு. இரண்டு கட்சியிடமும் வாக்காளர் பட்டியல் இருந்தது, கதவைத் தட்டும் தொண்டர்கள் இருந்தார்கள். அந்த 26 பேரின் வீடுகளில் ஒன்றில் யாராவது ‘உங்கள் தொகுதி எது?’ என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் நவம்பருக்கு முன்பே பிழை தெரிந்திருக்கும். சைமண்ட்ஸ் தரப்புக்கு இது கைநழுவிய வெற்றி. யான்சி தரப்புக்குத் தெரியாமலே கிடைத்த அதிர்ஷ்டம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-இல் குடியரசுக் கட்சி வரைந்த தொகுதி வரைபடத்தில், கறுப்பின வாக்காளர்களை இன அடிப்படையில் குவித்திருக்கிறார்கள் என்று 11 தொகுதிகளை 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நியூபோர்ட் நியூஸ், ஹாம்ப்டன் பகுதித் தொகுதிகளும் அதில் உண்டு. அவற்றைத் திருத்தியபோது பக்கத்திலுள்ள 94-இன் எல்லையும் மாறியது, ஜனநாயகக் கட்சிக்கு இன்னும் சாதகமாக. அவையின் மேல்முறையீட்டை 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நவம்பரில் யான்சியும் சைமண்ட்ஸும் மூன்றாவது முறை மோதினார்கள். இம்முறை எண்ணும் மேசைக்கு வேலையே இல்லை, சைமண்ட்ஸ் தெளிவான வித்தியாசத்தில் வென்றார். அவையும் 55-45 என்று கைமாறியது.

2021-இல் காற்று திரும்பி அடித்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் பதவியைப் பிடித்தது, பிரதிநிதிகள் அவையை 52-48 என்று மீட்டது. அந்த அலையிலும் 94-ஆவது தொகுதி சைமண்ட்ஸிடமே இருந்தது.